மேட்டில் நின்றுபோன இங்கிலாந்து வண்டி

நான் இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறேன். பகலில் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபிசில் கிளார்க். மற்ற நேரமெல்லாம் என்னுடைய பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிளுக்கு.

அதன் சட்டகம் எங்கள் தொழிற்சாலையின் விறகுக் கொட்டகையில் கிடந்தது. என்ஜின் வெலிமடையில் ஒரு கிழங்குத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் கொழும்பிலிருந்து துண்டு துண்டாக வந்தது. ஹாலிஎலவில் மெக்கானிக் பாஸ் ஒருவர் அவற்றைப் பொருத்தி ஒரு வண்டியாக்கித் தந்தார். முதல் முறை ஸ்டார்ட் ஆனபோது நாங்கள் இருவரும் கைகொடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அவரிடம் நான் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று கழன்றோ, உடைந்தோ, ஒழுகியோதான் இருந்திருக்கிறது.

இந்த வண்டியின் நட்டுகளுக்கு இன்று கடையில் கிடைக்கும் ஸ்பானர் எதுவும் பொருந்தாது. எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து அடைத்தால் வேறோர் இடத்தில் ஒழுகும். மழைக்காலத்தில், காந்தப் பெட்டிக்குள், அதாவது பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் பெட்டிக்குள், ஈரம் இறங்கிவிடும். எங்கள் ஊவா மாகாணத்தில் மழைக்காலம் எப்போது முடிகிறது என்று எனக்குத் தெரியாது. பதுளை பஸ் நிலையத்தில் நிறுத்தினால் நாலு பேர் சுற்றி நின்று, "நல்ல வண்டிங்க, வித்துறாதீங்க" என்பார்கள். அவர்கள் யாரும் அதை மேட்டில் தள்ளியதில்லை.

என் மனைவி எங்கள் தோட்டப் பகுதிக்கு மிட்வைஃப். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எல்லோரும் அவளை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். வண்டியைப் பற்றி அவள் சண்டை போட்டதில்லை. எங்காவது போக வேண்டுமென்றால், "ஆட்டோவச் சொல்லவா, இல்ல அது வருமா?" என்று கேட்பாள். அவ்வளவுதான்.

அந்த முறை பல நாள் விடாமல் மழை பெய்து, தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிஷனுக்குப் போகும் பாதையில் மண் சரிந்தது. ஒரு ஆள் நடக்க மட்டும் ஓரத்தில் இடம் இருந்தது. மழை விட்ட காலையில் மேல் டிவிஷனிலிருந்து ஒருவர் மனைவிக்குப் போன் செய்தார். குரல் எனக்கே கேட்டது.

"மிஸ்ஸி, இவளுக்கு வலி வந்துருச்சுங்க. ஆம்புலன்ஸ் மண்ணு சரிஞ்ச எடத்தோட நின்னுருமாம். என்னா செய்யிறது?"

"கீழ எறக்க வேணாம், படுக்க வைங்க. நான் வர்றேன்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆட்டோ அந்தப் பக்கம் போகாது. பைக்க எடுங்க."

அவளாக அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. வண்டியும் நல்லபடியாகவே ஸ்டார்ட் ஆனது. மண்சரிவு வந்ததும் அவள் இறங்கி நடந்தாள், நான் வண்டியை ஓரமாக உருட்டிக் கடந்தேன். மறுபடி ஏறினோம். பாதிமேட்டில், ஒரு வளைவில், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள்.

"பிளக்கத் தொடச்சாப் போதும். அஞ்சு நிமிஷம்."

"புள்ள நம்மளுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதுங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் ஏறும் குறுக்குப் பாதையில் போய்விட்டாள். செடிகளுக்கு மேலே அவள் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது.

வண்டி கிளம்பிவிட்டால் அடுத்த வளைவில் அவளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். காந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து சட்டை நுனியால் ஈரத்தை ஒற்றினேன். உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். கொழுந்து எடுக்கப் போன பெண்கள் சிலர் நின்றார்கள்.

"கிளாக்கரையா, தள்ளிவிடவா?"

தள்ளினார்கள். அது கிளம்பவில்லை. "வேலைக்கி நேரமாயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உதைப்பதற்கு முன்னால் கைப்பிடியில் உள்ள ஒரு சிறு நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் உதைக்கும் கம்பி திருப்பி அடிக்கும். அவசரத்தில் அதைச் செய்யவில்லை. கம்பி வலது கணுக்காலில் திருப்பி அடித்தது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வலியைவிட, இனி ஒரு முறைகூட இதை உதைக்க என்னால் ஆகாது என்ற சலிப்புதான் அப்போது பெரிதாக இருந்தது. வண்டியை மண்மேட்டில் சாத்திவிட்டு, நொண்டிக்கொண்டு அதே குறுக்குப் பாதையில் ஏறினேன்.

லயத்தை அடைவதற்குள் குழந்தை அழும் சத்தம் கேட்டது. மனைவி வாசலில் குந்தி, ஒருவர் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கை கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? பொம்பளப் புள்ள. தாய்க்கி ரத்தம் கொஞ்சம் கூடுதலா போகுது, ஆஸ்பத்திரிக்கிப் போயாகணும். நாற்காலியப் புடிங்க."

நாற்காலியில் தாயை உட்காரவைத்துப் போர்த்தி, நான்கு பேர் தூக்கினோம். ஒரு பின்கால் என் பங்கு. முன்னால் குழந்தையை ஏந்திக்கொண்டு மனைவி நடந்தாள். பாதையில் என் வண்டியைத் தாண்டும்போது நாற்காலியிலிருந்த பெண் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுதானா மிஸ்ஸி ஒங்க வண்டி?"

"என்னோடது இல்ல. அவரோடது."

தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் கணவரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க மூச்சு இல்லை.

மண்சரிவுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. தாயையும் பிள்ளையையும் ஏற்றிய பிறகுதான் மனைவி என் காலைக் கவனித்தாள். செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தது. சாரதியிடம், "இவரையும் முன்னுக்கு ஏத்திக்கங்க" என்றாள். பதுளை ஆஸ்பத்திரியில் எலும்பு வெடித்திருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். ரத்தம் நின்று, தாய் குழந்தையோடு நலமாக வீடு திரும்பினாள். என் கட்டு அதற்கு அப்புறமும் பல வாரம் இருந்தது.

அந்த வாரங்களில் மனைவி ஒரு ஸ்கூட்டர் எடுத்து ஓட்டப் பழகிவிட்டாள். பட்டனை அழுத்தினால் கிளம்புகிறது. என்னைப் பின்னால் உட்காரவைத்து ஆபிசில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள்.

கட்டுப் பிரித்து, பாதையும் சரியான பிறகு, வண்டியை எடுக்கப் போனேன். மேல் டிவிஷன் ஆட்கள் அதை, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் தாழ்வாரத்தில் நனையாமல் வைத்திருந்தார்கள். ஒரு வெயில் நாள். உதைத்தேன், உடனே கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்தேன். கணுக்கால் விண்ணென்றது. என்ஜின் இல்லாமலே பசறை வரைக்கும் இறக்கத்தில் உருண்டு வந்தேன்.

சந்தையில் கிழங்கு இறக்கிவிட்டு வெலிமடைக்குத் திரும்பும் லொறி ஒன்று நின்றது. ஹாலிஎல வரை ஏற்றிக்கொள்வாரா என்று சாரதியிடம் கேட்டேன். பாஸிடம் விட்டுவிடலாம், பிறகு யோசிக்கலாம் என்று எண்ணம்.

"ஓடாதாண்ணே?"

"ஓடும்."

"அப்ப ஏன் ஏத்துறீங்க?"

"களைப்பா இருக்கு தம்பி."

அவர் பின்கதவை இறக்கினார். கிழங்குச் சாக்குகளை விரித்து வண்டியைப் படுக்கவைத்துக் கட்டினோம். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பதுளை வருவதற்குள் தூங்கிவிட்டேன்.