மஞ்சள் தாம்பூலப் பை

என் மத உணர்வு ஒருநாளும் புண்பட்டதில்லை. புண்பட்டது என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பினேன். கல்லூரியில் சரித்திரம் நடத்தியவன் அல்லவா, பிழையில்லாமல் எழுதினேன்.

நேற்றுத் தாமிரபரணியில், குறுக்குத்துறைப் படித்துறையில் குளிக்க இறங்கியபோது யாரோ விட்ட வேட்டி காலைச் சுற்றியது. ஊறிய துணியின் பாசி நாற்றம் வந்தாலே எனக்கு இசக்கிமுத்து நினைவுதான். அஞ்சலகத்தில் ஓய்வு பெற்றவர். திதி கொடுப்பவர்கள் பாவம் தொலைய ஆற்றில் விடும் துணிகளை அள்ளி வந்து, வண்ணார்பேட்டை முக்கில் குவித்து, சனிக்கிழமைதோறும் சொந்த மைக்கில் பேசுவார்.

"பாவம் கரையுதோ இல்லியோ, பாலியஸ்டர் கரையாது வே. அழுக்கு வேட்டியில பாவத்த முடிஞ்சு விட்டா வாங்கிக்கிடுதது சாமியா, குப்பைத்தொட்டியா?"

ஒரு சனிக்கிழமை அந்தக் குவியலின் உச்சியில் என் மகள் கல்யாணத்து மஞ்சள் தாம்பூலப் பை. அப்பாவின் திதியன்று பழந்துணியைத் திணித்து நான்தான் விட்டேன். மணமக்கள் பெயரைவிடப் பெரிதாக என் பெயர், பட்டங்களோடு. அப்படி அச்சடிக்கச் சொன்னவனும் நான்தான். டீக்கடையில் ஒருவன் சொன்னான்: "ஏலே, சார்வாள் விட்ட பாவம் பிஎச்.டி. படிச்சிருக்குலே." கடையே சிரித்தது.

மறுநாள் பக்தர் சபைக்காரர்கள் நால்வர் வீட்டுக்கு வந்தார்கள். சந்நிதியில் நின்றுகொண்டே செல்பேசியில் மனை விலை பேசுகிற பக்தர்கள். ஒருவரும் இசக்கிமுத்துவின் பேச்சைக் கேட்டதில்லை. "மனசு புண்பட்டுட்டுன்னு ஒரு வரி எழுதுங்க சார்வாள். படிச்சவுக எழுதுனாத்தான் எடுபடும்." அந்தக் கடைசி வாக்கியத்தில் விழுந்தேன்; எழுதிக் கொடுத்தேன்.

ஜாமீனில் வந்த இசக்கிமுத்துவுக்கு, வழக்கு முடியும்வரை மேடையில் பேசக்கூடாது என்று நிபந்தனை. வழக்கோ ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்ற வராந்தாவில் என்னைப் பார்த்து, "சாப்ட்டாச்சா சார்வாள்?" என்பார். அதற்கு என்னை அடித்திருக்கலாம்.

கூண்டில் ஏறியபோது அவருடைய வக்கீல், பேச்சைக் கேட்டீர்களா என்றார். "சரியாகக் கேட்கவில்லை. பையைத்தான் பார்த்தேன். புண்பட்டது மதமல்ல, என் கௌரவம்" என்றேன். அரசு வக்கீல் என்னைப் பிறழ்சாட்சி ஆக்கினார். வெளியே ஒரு சபைக்காரர், "மனசு புண்பட்டுட்டு சார்வாள்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

விடுதலையானதும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இந்தச் சனிக்கிழமை பேசுங்கள், நான் முன்னால் உட்காருகிறேன் என்றேன்.

"நீங்க வருவிய. பின்னால எவன் புண்ணோட வந்து நிப்பான்னு தெரியாதே. மைக்கை வித்துட்டேன் சார்வாள். பையப் பைய காப்பியக் குடிங்க, சுடும்."

அந்த முக்கில் இப்போது செல்பேசிக் கடை. நின்று கேட்டு, திட்டி, சிரித்து, மறுவாரமும் வந்த கூட்டம் எங்கே போயிற்றோ. ஆற்றில் துணி மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

நேற்று அந்த வேட்டியை எடுத்துக் கரையில் போட்டேன். "யாரக் கேட்டுவே எடுத்தீரு? எங்கப்பாவுக்கு விட்டதுல்லா" என்றான் படியில் நின்றவன்.

அவனுக்குச் சொல்ல எனக்கு ஒரு வரி தெரியும். அது இசக்கிமுத்துவின் வரி. வேட்டியைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்தேன்.