தேநீர் வரிசைக்கு ஒரு ட்ரம்பெட் தனி

இன்று அபிநயா தனியாக வாசிக்க ட்ரம்பெட்டை உதட்டில் வைத்த நொடியில் மண்டபமே எழுந்தது.

மரியாதைக்கு அல்ல. தேநீருக்கு.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரொம்மன் என்ற புறநகரில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. பெரிய பிள்ளைகளுக்கு நான் ஆசிரியை. இந்தத் தவணை ‘உலகக் கலைகள்’ என்று ஒரு பாடம் வந்தது. நான் ஜாஸ் காலத்து ஹார்லெமை எடுத்தேன். நியூயோர்க்கின் கறுப்பின மக்கள் இசை, ஆட்டம், ஓவியம், கவிதை எல்லாவற்றையும் ஒரே தெருக்களில் பற்றவைத்த காலம்.

(நிர்வாகி பிரமிடுகளை எதிர்பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன்.)

பழைய நடனக்கூடப் படம் ஒன்றைக் காட்டினேன்.

“கிழமை முழுக்க மற்றவையின்ரை வீட்டைக் கழுவிப்போட்டு, சனிக்கிழமை இப்பிடி உடுத்திக்கொண்டு வந்து ஆடுவினம்.”

அபிநயா கூர்ந்து பார்த்தாள்.

“எங்கடை அப்பா,” என்றாள். “கிளீனிங் முடிச்சுக் கோட் போட்டால் இதே ஆள்தான்.”

அதற்கு மேல் நான் நடத்த அந்தப் பாடத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

அபிநயாவுக்குப் பதினான்கு வயது. பக்கத்து ஊரான குரோருட்டில் பள்ளி வாத்தியக் குழுவில் இருக்கிறாள். தாளில் உள்ளதைப் பிசகாமல் வாசிப்பாள். தாளில் இல்லாததை வாசித்ததே இல்லை. ஆண்டுவிழாவில் அவளுக்கு ஒரு நிமிடத் தனி வாசிப்புக் கொடுத்தேன்.

“நோட்ஸ் எங்கை ரீச்சர்?”

“இல்லை. அந்த நேரம் வாறதுதான்.”

“ஒண்டும் வராட்டி?”

“சும்மா நில்.”

“அப்பா பாப்பார்.”

மூன்று வாரம் பயந்தாள். நேற்று, நாளைக்குக் காய்ச்சல் வரும் என்று செய்தி அனுப்பினாள்.

இன்று காய்ச்சல் வரவில்லை. மிருதங்கத்தில் அவளுடைய வகுப்புத் தோழன் கவின். சேர்ந்து வாசித்தவரை எல்லாம் நலம். பிறகு தனி.

நான் மறந்தது ஒன்று. எங்கள் சனத்துக்குக் கச்சேரியில் தனி என்றால் இடைவேளை. மிருதங்கத்துக்கு விட்டால் எழும்புவார்கள். பல ஆண்டுப் பயிற்சி. ஜாஸில் தனிதான் உயிர் என்று பிள்ளைகளுக்கு மூன்று வாரம் சொன்ன நான், பெற்றோருக்கு ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

கதிரைகள் இழுபட்டன. பொரித்த ரோல்ஸ் மணத்தது. அபிநயாவின் அப்பா வரிசையில் மூன்றாவது ஆள். கோட்டோடு.

அவள் வெறும் கதிரைகளைப் பார்த்தாள்.

பிறகு வாசித்தாள். முதல் சுரமே பிசகியது. சிரித்தாள். அதே பிசகை இன்னொரு முறை வாசித்தாள், வேண்டுமென்றே. ஒரு நிமிடம் மூன்றானது. முடி என்று கவின் கண்ணைக் காட்டினான். அவள் வாசித்தபடியே மேடையிலிருந்து இறங்கித் தேநீர் வரிசைக்குள் போனாள். வரிசை விலகியது. அப்பாவின் முகத்துக்கு நேரே ஒரு நீண்ட சுரம்.

அவருடைய ஒரு கையில் கோப்பை. மறு கையில் ரோல்ஸ். தட்டக் கை இல்லை.

காலால் தட்டினார்.

“ஒருத்தரும் பாக்கேல்லை எண்டவுடனை வந்திட்டுது ரீச்சர்,” என்றாள் மூச்சு வாங்க.

“நான் பாத்தனான்,” என்றார் அப்பா.

“நீங்கள் ரோல்ஸைத்தான் பாத்தனீங்கள்.”

நிர்வாகி வந்தார். “நல்லது பிள்ளை. அடுத்த வருசம் உங்கடை நிகழ்ச்சியைத் தேத்தண்ணி நேரத்திலையே போடுவம்.”

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். அபிநயா முந்திவிட்டாள்.

“ஓம் அங்கிள். ஆனால் தேத்தண்ணி நேரத்தை அரை மணித்தியாலமாக்குங்கோ.”