மலைக்கு மேலே மிச்சமிருந்த பொழுது

மகள் தவழத் தொடங்கிய பிறகும் நான் அவளை நின்றபடி தூக்கியதில்லை. உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்வேன். எழ வேண்டுமென்றால் யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் எழுவேன். அதற்கு முன்னால் ஒருநாள் கிணற்றடியில் அவளை இடுப்பில் வைத்திருந்தபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் கைகளை நானே நம்பவில்லை.

செஞ்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "உடம்புல ரத்தமே இல்லியேம்மா. முருங்கைக் கீரை, கேவுரு, மல்லாட்ட, வெல்லம், எல்லாம் சேத்துக்கணும். மூணு வேளையும் வயிறு நெறைய சாப்டு. தெனம் கொஞ்சம் நட. படுத்தே கெடந்தா தேறாது."

சொன்னதைச் சொன்னபடி செய்வது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். மறுநாளே கேழ்வரகும் வேர்க்கடலையும் வாங்கிவைத்தேன், கீரை ஆய்ந்தேன். அந்த வாரமே குழந்தைக்குப் பச்சையாகப் போனது. "உனக்கு ஆவுதோ இல்லியோ, கொழந்தைக்கு ஆவல" என்றார் அத்தை. நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் பச்சையாகவே போனது. அப்படியானால் கீரை காரணமில்லையா, அல்லது நான் தாமதமாக நிறுத்தினேனா? பல நாள் யோசித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

நடப்பதற்கும் சாயங்காலம்தான் வாய்த்தது. காலையில் தண்ணீர், அடுப்பு, கணவருக்குச் சோறு. மதியம் குழந்தை. அவளுக்குப் பால் கொடுத்து அத்தையிடம் விட்டுவிட்டு, நாத்தனாரோடு திருவண்ணாமலை ரோட்டில் கோட்டை மலையடிவாரம் வரை போய்த் திரும்புவேன். நாத்தனாருக்குக் கல்யாணமாகவில்லை; வாய் அதிகம். "உன்ன விடக் கல்யாண ஊர்கோலம் சீக்கிரம் போவும் அண்ணி" என்பாள்.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் எங்கள் வீடுகளில் யாரும் சாப்பிடுவதில்லை. நான் பிறந்த ஊர் வந்தவாசிப் பக்கத்துச் சமவெளி. அங்கே சூரியன் வயல்களுக்கு மேலே வெகுநேரம் நின்று, ஆற அமர இறங்கும். செஞ்சியில் மேற்கே ராஜகிரி மலை நிற்கிறது. மார்கழியில் சூரியன் அதன் பின்னால் போனதும் தெருவெல்லாம் நிழலாகிவிடும். மாமா முற்றத்திலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டே கை கழுவ எழுவார். அவருக்கு அதுதான் கடைசி நேரம். ஆகவே வீட்டுக்கும் அதுதான். நான் நடந்து திரும்பும்போது அடுப்படி மெழுகி முடிந்திருக்கும்.

"பால் குடுக்கறவ நீ. சாப்டு, குத்தமில்ல" என்று அத்தை சொல்லத்தான் செய்தார். என்னால் முடியவில்லை. நாளை குழந்தைக்கு ஏதாவது ஒன்று வந்தால், இதனால்தான் என்று என் மனம் சொல்லும். அதைத் தாங்கும் தெம்பும் எனக்கு இல்லை.

மறுபடி தலை சுற்றியது. டாக்டரம்மா, "நடக்கறியா?" என்றார். நடக்கிறேன் என்றேன். "ராத்திரி இன்னா சாப்டற?" ஒன்றுமில்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நடந்து நடந்து இருக்கற ரத்தத்தையும் செலவு பண்ணிட்டு வந்திருக்க."

வீட்டுக்கு வந்து நடப்பதையே விட்டுவிட்டேன். சில நாள் கழித்து நாத்தனார்தான் இழுத்துப் போனாள், வீட்டில் அடைந்துகிடக்க அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக. அன்று அவள் ரோட்டோடு நிற்கவில்லை. வடக்கே ராணிக்கோட்டை மலைப் படிகளில் ஏறினாள். "அண்ணி, அந்தப் பாறை வரைக்கும். ஒக்காந்து ஒக்காந்து வா. யாரு துரத்தறா?"

உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். கீழே எல்லாம் நிழல். பாறையை நெருங்கும்போது என் முழங்கையில் சூடு பட்டது. பார்த்தேன். வெயில்.

ராஜகிரியின் தோளுக்கு மேலே சூரியன் முழுசாக நின்றது. திரும்பிப் பார்த்தால் ராஜகிரியின் நிழல் மொத்த ஊரின்மேலும் படுத்திருந்தது. பஜார், பஸ் நிற்கிற இடம், எங்கள் தெரு, எல்லாம் அதற்குள். அங்கே மாமா சாப்பிட்டு முடித்திருப்பார். இங்கே என் கையில் இன்னும் பகல். கொஞ்சம் ஏறினால் பொழுது நீளும் என்று புவியியல் பாடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பேன். இப்போதுதான் அது என் தோலில் பட்டது. நாத்தனாரும் தன் கையை வெயிலில் நீட்டிப் பார்த்தாள்.

மலைமேல் இன்னும் பகல் இருக்கிறது, அங்கே போய்ச் சாப்பிடலாமா என்று வீட்டில் கேட்டேன்; தந்திரம் செய்கிறேன் என்று நினைப்பார்களோ? அத்தை மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சூரியன் மறையறதுக்கு முன்ன சாப்டணும்னுதான் சொல்லியிருக்குது. மலை மறைக்கறது அவரு கணக்கு. பசிக்கு மலைய சாக்கு சொல்றாரு." மாமா சிரித்தபடி திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அத்தையே முருங்கைக் கீரை போட்ட கேழ்வரகு அடை சுட்டுத் தூக்கில் வைத்துக் கொடுத்தார். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. நிழலும் மலையேறும் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் அது கால் பக்கம் வந்துவிடும். பல நாள் அதுதான் ஜெயித்தது. தூக்கைத் திறக்காமலே இறங்கினேன். "அதுக்கு மூச்சு வாங்காது அண்ணி, அதான்" என்பாள் நாத்தனார். பிறகு குழந்தைக்குச் சளி, ஒரு வாரம் போகவில்லை. திரும்பப் போனபோது பழையபடி முதல் வளைவிலேயே உட்கார்ந்தேன். அழுகை வந்தது. ஆனால் அடுத்த நாளும் அத்தை அடை சுட்டிருந்தார். அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் குழந்தை அத்தையிடம் இருக்க மாட்டேன் என்று அழுதாள். நாத்தனார் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தாள். பாறையில் என் மடியில் விட்டாள். நான் அடை தின்னத் தின்ன, குழந்தை தன் கையில் விழுந்த வெயிலைப் பிடிக்கப் பார்த்தாள். பாதி அடை என் கையில் மீதியிருக்கையில் நிழல் பாறையின் விளிம்பைத் தொட்டது. நாத்தனார் தூக்கை மூடிக்கொண்டிருந்தாள்.

நான் குழந்தையை வாரி இடுப்பில் வைத்து எழுந்தேன். கண் இருட்டவில்லை. படிகளில் ஏறி மறுபடி வெயிலுக்குள் போய் நின்றேன். நின்றபடியே மீதி அடையைத் தின்றேன்.