தேனீப் பெட்டிக்குப் போட்ட பூட்டு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே யாரையும் நம்பாத குணம் உண்டு. பால்காரர் எந்த இடத்தில் தண்ணீர் கலக்கிறார் என்று பார்ப்பதற்காகக் குளிரில் நடுங்கிக்கொண்டு தெருமுனை வரை அவர் பின்னால் போயிருக்கிறேன். அம்மாவிடமிருந்து வந்த குணம் அது. ஆகவே எங்கள் நாயுடுபுரம் வீட்டில் சீனி குறைய ஆரம்பித்தபோது, துப்புத் துலக்கும் பொறுப்பை அம்மா என்னிடம்தான் கொடுத்தாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். கொடைக்கானலில் அந்த மாதம் துணி காயாது, தீக்குச்சி பற்றாது, வெளியாள் வீட்டுக்குள் வரவும் மாட்டான். அப்படியென்றால் திருடியது வீட்டு ஆள்தான் என்பது அம்மாவின் வாதம். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் முதல் சந்தேகம் அவர் மேல் விழுந்தது. சட்டைப் பையைச் சோதித்ததில் பொடிமட்டையைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. மிச்சம் இருந்தவர்கள் சித்தப்பாவும், அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எட்டு மாதமே ஆகியிருந்த சித்தியும்.

அம்மா ஒரு உபாயம் செய்தாள். டப்பாவில் சீனியைக் கரண்டியால் சமப்படுத்தி, அதன் மேல் விரலால் பிள்ளையார் சுழி போட்டு மூடி வைத்தாள். மறுநாள் சுழி அப்படியே இருந்தது. ஆனால் வால் மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது. திருடிவிட்டுச் சுழியும் போட்டு வைக்கிறவள் லேசுப்பட்டவள் இல்லை என்று அம்மா பல்லைக் கடித்தாள். பாலசமுத்திரத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு யார் கையிலோ சீனியைக் கொடுத்தனுப்புகிறாள் என்பது அவள் தீர்ப்பு.

"வெளிய காட்டிக்கிடாத. அவ பின்னாலயே போயிப் பாரு. எதுன்னாலும் வெரசா வந்து எங்கிட்ட சொல்லு."

இந்த இடத்தில் சித்தப்பாவின் தேனீக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்தார். அதற்கு முந்தின வருஷம் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, ஒரு மரப்பெட்டி நிறையத் தேனீ வாங்கிவந்து கொல்லையில் பேரிக்காய் மரத்தடியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெல்மெட் போட்டு, அதன் மேல் கிழிந்த கொசுவலையைச் சுற்றி, மழைக்கோட்டோடு பெட்டியைத் திறப்பார்; மழை பிடித்துக்கொண்டால் திறப்பதில்லை. நாங்கள் சமையலறை ஜன்னலை மூடிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்போம். ஒரு தேனீ ஆடுகிற ஆட்டத்தை வைத்தே பூ எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மற்றவை தெரிந்துகொள்ளும் என்பார். நான் அதையும் நம்பவில்லை. ஆனால் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை. வருகிற சித்திரையில் எடுக்கும் தேனைப் பழனிக்குக் கொண்டுபோய் முருகனுக்கு அபிஷேகம் செய்வதாக வேண்டிக்கொண்டும் இருந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சித்தி மாட்டிக்கொண்டாள். முந்தானைக்குள் ஒரு செம்பை மறைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் விறகு அடுக்கின் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஹெல்மெட் இல்லை, வலை இல்லை. வெறுங்கையால் மூடியைத் தூக்கி, உள்ளே ஒரு சிரட்டையை வைத்து, செம்பிலிருந்து சீனிப்பாகை ஊற்றினாள். அதன் மேல் வைக்கோல் துணுக்குகளைப் போட்டாள். பாகை மறைக்கத்தான் போடுகிறாள் என்று நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். கையில் ஏழெட்டு தேனீ ஊர்ந்தும் ஒன்றுகூடக் கொட்டவில்லை. என்ன மருந்து வைத்து மயக்கினாளோ என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெட்டியில் இருப்பது தேனே இல்லை. சித்தப்பா ஏமாறுகிறார், முருகனும் ஏமாறப்போகிறார். இவ்வளவு பெரிய விஷயத்தை அம்மாவிடம் மட்டும் சொல்வது போதாது என்று பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதி மேனேஜர் வீட்டுக்கு வந்தார். சித்தப்பா போன கோடையில் எடுத்த தேனைக் கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூனோடு அவர் கையில் கொடுத்தார். மேனேஜர் நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நம்ம பூச்சிக சீனின்னா திரும்பிக்கூடப் பாக்காது சார். எல்லாம் ப்யூர் நேச்சுரல். இந்த மழைக்கு ஊரே பூச்சிய வச்சுக்கிட்டு முழிக்குது, நம்ம பெட்டி அசையாது" என்றார் சித்தப்பா.

"சித்தி தெனமும் பெட்டிக்குள்ள சீனிப்பாகு ஊத்துறாங்க" என்றேன்.

மேனேஜர் ஸ்பூனை மெல்ல மேசையில் வைத்தார். கோடையில் எடுத்த தேனுக்குள் ஐப்பசியில் ஊற்றிய பாகு எப்படிப் போகும் என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர் போன பிறகு சித்தப்பா சித்தியைப் பார்த்தார்.

"மழைக்கு அதுக வெளிய போக முடியலங்க. உள்ள இருந்ததும் தீந்துபோச்சு. என்னத்தத் திங்கும்?" என்றாள் சித்தி.

சித்தப்பாவுக்கு அது காதில் விழவில்லை. அவர் காதில் இன்னும் மேனேஜரின் ஸ்பூன் சத்தமே இருந்திருக்கும். அன்றைக்கே ஆசாரியை வரவழைத்துப் பெட்டி மூடிக்குக் கொண்டி அடித்துப் பூட்டுப் போட்டார். விடுதிப் பழக்கத்தில் சாவிக்கு ஒரு நம்பர் பில்லை வேறு. இரண்டு தடவை சித்தி ஏதோ கேட்க வாயெடுத்தாள். இரண்டு தடவையும் அவர் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து போனார். சீனி குறைவது நின்றது. அம்மா ஒரு கை சீனி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அதை முற்றத்தில் நின்று, சித்தி பார்க்கும்படியாகத் தின்றேன்.

மழை அதற்குப் பிறகும் பதினைந்து நாள் விடவில்லை. ஒரு நாள் காலை வெயில் அடித்தது. பெட்டி வாசலில் ஒன்றுகூடப் பறக்கவில்லை. குளிருக்கு அடங்கிக் கிடக்கின்றன என்று சித்தப்பா மத்தியானம் வரை பொறுத்திருந்து பூட்டைத் திறந்தார். தேனடையின் சின்னச் சின்ன அறைகளான கண்களிலெல்லாம் கண்ணுக்கு ஒன்றாகத் தேனீக்கள் தலையை உள்ளே விட்டு, வால் மட்டும் வெளியே தெரிய இருந்தன. தேன் குடிக்கின்றன என்று அவர் சிரித்துக்கொண்டே ஒன்றைத் தொட்டார். அது அசையவில்லை.

சித்தி வந்து பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, ஊக்கை எடுத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பழைய பேப்பரில் வைத்தாள். சித்தப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமலே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொசுவலைக்குள் அவர் அழுதது எனக்குத் தெரிந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தேகம் அதிகமாக இருந்தது. விறகு அடுக்குப் பக்கம் நின்று சித்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நானும் மாடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். தீனி தீர்ந்துபோனால் தேனீ கண்ணுக்குள் தலையை விட்டு அடியில் ஒட்டியிருக்கும் கடைசி ஈரத்தை வழித்துப் பார்க்கும், பிறகு பின்னால் நகர்ந்து வெளியே வர அதற்குத் தெம்பு இருக்காது. பாகில் விழுந்து முங்காமல் நின்று குடிக்கத்தான் வைக்கோல் போடுவது. சித்தியின் பிறந்த வீட்டுப் புளியமரத்தடியில் நாலு பெட்டி இருந்ததை நான் கல்லூரி முடித்த பிறகு தற்செயலாகத் தெரிந்துகொண்டேன். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. இதையெல்லாம் எழுதும்போது எனக்கு முகம் சுடுகிறது.

அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. சித்தி செய்த காரியத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அத்தனை தேனீக்களும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு செத்திருக்கின்றன என்று நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இருக்கும் என்றாள்.