துரைக்கண்ணு வீட்டுக்குள் வந்த உலகச் சந்தை

நன்னிலம் பக்கம் எங்கள் ஊர்க்காரர் துரைக்கண்ணுவுக்குத் தன் வயலில் களை மண்டிக் கிடப்பது தெரியாது. தாய்லாந்தில் அரிசி என்ன விலை என்பது தெரியும். காலையில் டீக்கடைக்கு வந்தால் வியட்நாம், இந்தோனேசியா என்று ஒரு சுற்று போய் வந்துதான் டம்ளரைத் தொடுவார். அதற்குள் டீ ஆறியிருக்கும். எங்களுக்கு அவர் பேச்சு பிடிக்கும். பாதி புரியாது, அதனால் நம்பினோம்.

2023இல் அரசு பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் மனுஷன் கொதித்துப்போனார். நியாயமான கோபம்தான். அரிசி விலை ஏறினால் பட்டணத்துக்காரர்கள் போடும் கூச்சல் டெல்லிவரை கேட்கிறது. நெல் விலை இறங்கினால் நாங்கள் போடுவது நன்னிலத்தைக்கூடத் தாண்டுவதில்லை. ஆனால் அவர் கோபத்தோடு நிற்காமல் திட்டமும் போட்டார்.

அடுத்து வந்த தையில் சம்பா அறுவடை முடிந்தது. நாங்களெல்லாம் நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்து, ஈரப்பதம் பார்க்கிறவரிடம் பல்லைக் காட்டி, அரசு கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்தோம். துரைக்கண்ணு போடவில்லை.

"தடைய எடுக்கத்தான் போறாங்க. அன்னைக்கி நம்ம சன்ன ரகம் தங்கம்யா" என்றார்.

மூட்டைகள் வீட்டுக்குள் போயின. முதலில் கூடம், பிறகு உள்ளறை. அவர் மனைவி மங்களாம்பிகை கட்டிலைப் பறிகொடுத்து அடுப்படியில் படுத்தார்.

ஆவணியில் மகள் மேகலா தலைப்பிரசவத்துக்கு வந்தாள்.

"உள்ளறைய காலி பண்ணுங்க. தாயும் புள்ளையும் எங்க படுக்கும்?" என்றார் மங்களாம்பிகை.

"புள்ள பொறக்கறதுக்குள்ள தடை போயிடும்."

"எது மொதல்ல நடந்தாலும் மூட்ட வெளில போவணும்."

புரட்டாசியில் தடை போயே போய்விட்டது. துரைக்கண்ணு டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன். ஏற்றுமதிக்கு நெல் பிடிக்கும் வியாபாரி சமீர் வந்தார், ஒரு மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்த்தார், விலை சொன்னார். தையில் எங்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு.

"தாய்லாந்து வெல தெரியுமா தம்பி ஒனக்கு?"

"தெரியும்ணே. நம்மாளுங்க தடைய எடுத்ததுமே அது எறங்க ஆரம்பிச்சிடுச்சு. நாடு பூரா அடைச்சு வச்சிருந்தவங்க ஒரே நேரத்துல கொண்டாந்து கொட்டுறாங்க, வெல எப்படி நிக்கும்? மேட்டூர் தொறந்தா தண்ணி மொதல்ல ஒங்க வயலுக்கா வருது?"

கடைமடைக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி. மேலே இருக்கிறவர்கள் பாய்ச்சி முடித்த மிச்சம்தான் நமக்கு என்று வருஷா வருஷம் வாய்க்கால் கரையில் நின்று கத்துகிறவரே அவர்தான். அப்படியும் இறங்கி வரவில்லை. இன்னும் ஒரு மாதத்தில் விலை ஏறும் என்று சமீரை அனுப்பிவிட்டார். வடை தின்ற எனக்கே ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் மேகலா ஆஸ்பத்திரியிலிருந்து ஆண் குழந்தையோடு வந்தாள். பார்க்க நானும் போயிருந்தேன். கூடத்தில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய் அகலம்தான் இடம். அங்கேதான் கிடத்தினார்கள். மூட்டைகளிலிருந்து அந்துப்பூச்சிகள் கிளம்பின. ஒன்று பிள்ளையின் உதட்டில் உட்கார்ந்தது. பிள்ளை வீறிட்டது.

மங்களாம்பிகை கத்தவில்லை. "ஒலகத்துக்கே சோறு போடுறேன்னீங்க. இந்தப் புள்ளைக்கு ஒரு எடம் போடுங்க, போதும்" என்றார்.

துரைக்கண்ணு சமீருக்குப் போன் போட்டார். விலை பேசவில்லை. லோடுமேன்கள் வரும்வரைகூடப் பொறுக்காமல் முதல் மூட்டையைத் தானே முதுகில் ஏற்றி வாசலுக்குத் தூக்கிவந்தார். முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் அடுத்த மூட்டையைப் பிடித்தேன்.

மறுநாள் டீக்கடையில் ஒருவன் சீண்டினான். "என்னண்ணே, தாய்லாந்து என்ன சொல்லுது?"

"மெதுவா பேசுடா, பேரன் தூங்குறான்" என்றார் துரைக்கண்ணு.

பேரன் தூங்கியது இரண்டு தெரு தள்ளி, உள்ளறைக் கட்டிலில்.