அர்வாவைத் தூங்க வைத்த வாட்டர் பம்ப்

புதுப்பட்டினத்தில் மத்தியானம் என்பது ஒரு தனி ஊர். காலையில் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு ஆள் ஏற்றிப்போன பஸ்கள் உள்ளே போய் அடங்கிவிடும். மீன் விற்பவர்கள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். நாய்கள் ஆட்டோக்களுக்கு அடியில் போய் யாரையும் கேட்காமல் படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் அவசரமாக இருக்கும் ஒரே ஆள் ஷேக் தாவூத், எங்களுக்கு தாவூத் பாய். மதியத் தொழுகை முடிந்து, சோறு தின்ற கையைத் துடைத்தும் துடைக்காமலும், தன் பழைய வெள்ளை டீசல் டாக்ஸியின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். கலெக்டர்தான் ஏறப்போகிறார் என்று வெளியூர்க்காரன் நினைத்துக்கொள்வான். ஏறுவது அவர் மனைவி அமீனா பீவி. அவர் தோளில், அழுது தெருவையே கூட்டிக்கொண்டு, கைக்குழந்தை அர்வா.

அர்வா, தாவூத் பாயின் தங்கச்சி அலீனா அக்காவின் மகள். அக்கா செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ லீவு முடிந்து போனதும் கையில் நைட் டூட்டியைக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை முபஷ்ஷிருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெரிகிற பிறை அவர். அதனால் அக்கா அண்ணன் வீட்டில் இருந்தாள். ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்து, குழந்தையைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, மத்தியானம் கண்ணை மூடினால்தான் சாயங்கால பஸ்ஸுக்கு எழுந்திருக்க முடியும். அர்வாவோ பகல் தூக்கத்தை ஏதோ கெட்ட பழக்கம் என்று முடிவு கட்டியிருந்தாள்.

ஒரு நாள் அக்கா டூட்டி முடிந்து வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, ஊசிய கைல வெச்சிகினு நின்னுகினே தூங்கிட்டேன். ஒரு நொடிதான். பெட்ல இருந்த பெரியம்மா பாத்துட்டு சிரிச்சாங்க. இன்னொரு தபா அப்பிடி ஆச்சுன்னா வேலைய உட்டுடுவேன். ஆள சாவடிக்கறதுக்கா படிச்சேன்?"

தாவூத் பாய் உள்ளே போய் அவளுடைய யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். அது அவர் வேலை. அவள் நர்சிங் சேர்ந்த நாளிலிருந்தே அவர்தான் போடுகிறார். அவர்களுடைய அத்தா இறந்தபோது அலீனா அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை. அவளைப் படிக்க வைக்கத்தான் தாவூத் பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தார், இன்னும் விடவில்லை. வண்டியில் யார் ஏறினாலும், விஞ்ஞானியோ வெள்ளைக்காரனோ, வெங்கப்பாக்கம் தாண்டுவதற்குள் "என் தங்கச்சி நர்ஸு" என்று தெரிந்துகொள்வார்கள். அதற்கு மேல் பேச மாட்டார். அதற்கு மேல் அவருக்குப் பேச எதுவும் இருந்ததில்லை.

அக்கா தூங்குவதற்காகக் குழந்தையைக் காரில் வைத்து ஊர் சுற்றியும் பார்த்தார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் அர்வா மூச்சு முட்ட அழுவாள். திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். அக்கா எழுந்துவிடுவாள்.

அப்போதுதான் காரின் முன்பக்கத்தில் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் தூரத்து வண்டு மாதிரி. பிறகு கார் கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஙொய்ய்ங் என்று ஒரே சீராக, ஏறாமல் இறங்காமல். ஈசிஆரில் சவுக்குத் தோப்பின் நிழல் கண்ணாடியில் மாறி மாறி விழ, அந்த ரீங்காரம் சீட்டின் வழியாக உடம்புக்குள் ஏறும். முதல் நாள் அர்வா பாதி அழுகையில் நிறுத்தினாள். எதையோ கேட்பது போலப் புருவத்தைச் சுருக்கினாள். மாமல்லபுரம் வருவதற்குள் அமீனா பீவியின் மடியில் எண்ணெய் தீர்ந்த விளக்காக அணைந்துபோனாள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் அந்தப் பயணம்தான். கார் போகும், சத்தம் பாடும், குழந்தை தூங்கும், வீட்டில் அக்கா தூங்குவாள். அமீனா பீவியும் பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். தாவூத் பாய் மட்டும் விழித்திருந்து, மூன்று பேரின் தூக்கத்தையும் ஓட்டிக்கொண்டு போவார். எதிரே வருகிற வண்டிகள்கூட அந்த நேரத்தில் கனவில் வருவது மாதிரி மிதந்து வரும் என்பார். தெருப் பிள்ளைகள் நாங்கள் பின்கண்ணாடித் தூசியில் விரலால் 'தொட்டில்' என்று எழுதி வைத்தோம். எல்லாவற்றையும் துடைக்கிற மனிதர், அதை மட்டும் சுற்றித் துடைத்தார்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாட்டைப் பாடியது வாட்டர் பம்ப்.

கண்டுபிடித்தவர் சீனு அண்ணன், கூட்ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக். ஆயில் மாற்ற வந்த காரின் பானெட்டைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

"பாய், பம்ப்பு பேரிங் போயிடுச்சு. தண்ணி கசிஞ்சிகினு கீது பாரு. டைமிங் பெல்ட்டும் கெயவன் ஆயிடுச்சு. ரெண்டையும் சேத்து மாத்திடலாம்."

"பெல்ட்ட மாத்து. பம்ப்பு கெடக்கட்டும்."

"இன்னா பாய் இது, குளிக்கறேன், ஆனா தல நனையக் கூடாதுன்ற? அந்த பெல்ட்டுதான் பம்ப்பயும் சுத்துது. பெல்ட்ட அவுத்தாத்தான் பம்ப்ப எடுக்கவே முடியும். அவுக்கறப்பவே மாத்துனா ஒரே வேல."

"சத்தம் போடுது, அவ்ளோதானே. போட்டா போட்டுட்டுப் போவுது."

"அது சத்தம் இல்ல பாய், பொலம்பல். சாவறதுக்கு முன்னாடி பொலம்புது. அது ஜாம் ஆச்சுன்னா புது பெல்ட்டா, பழசான்னு பாக்காது. அறுத்துடும். வால்வு போயி பிஸ்டன்ல மோதும். அப்பாலிக்கி இஞ்சின காயலான் கடைக்குத்தான் அனுப்பணும்."

தாவூத் பாய் காரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னார்:

"கொயந்த அந்தச் சத்தத்துலதான் தூங்குது சீனு. அது தூங்கலன்னா அலீனா தூங்க மாட்டா. அலீனா தூங்கலன்னா வேலைய உட்டுடுவா."

சீனு அண்ணன் ஸ்பேனரை வைத்துவிட்டுச் சிரித்தார். கொட்டகையே அதிரச் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மெல்ல நிறுத்திக்கொண்டார்.

"பாய். அந்தக் கொயந்த உள்ள கீது, பின்னாடி லாரி வந்துகினு கீதுன்னு வெச்சிக்க. நடுரோட்ல இது ஜாம் ஆவுது. அப்ப இன்னா பண்ணுவ?"

தாவூத் பாய் போய்ப் பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார்.

"மாத்து" என்றார். "இரு, ஒரு நிமிசம்."

எஞ்சினை ஓடவிட்டு, செல்போனை ரெக்கார்டிங்கில் போட்டு, பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். ஆக்சிலேட்டரை மிதிக்கும்படி சீனு அண்ணனுக்குக் கையால் ஜாடை காட்டினார். அந்த வழியாக சைக்கிளில் போன அணுபுரத்துக்காரர் ஒருவர் இறங்கி நின்று, காருக்கு யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்.

எஞ்சின் ஆறியதும் வேலை ஆரம்பித்தது. அடியில் வைத்த டப்பில் ரேடியேட்டரின் பச்சைத் தண்ணீர் நூல் மாதிரி இறங்கி நின்றது. பக்கத்து மூடியைக் கழற்றியதும் உள்ளே பற்சக்கரங்களும், அவற்றைத் தழுவிக்கொண்டு கறுப்புப் பெல்ட்டும். சக்கரத்தில் ஒரு புள்ளி, எஞ்சினில் ஒரு கோடு. இரண்டையும் சீனு அண்ணன் நேராக நிறுத்திவிட்டு, இழுத்துப் பிடித்திருந்த உருளையைத் தளர்த்தி, பாம்புச் சட்டையை உரிப்பது போலப் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு பம்ப் வந்தது. தாவூத் பாய் அதை வாங்கி, காதருகே வைத்து விரலால் சுற்றினார். அது பாடவில்லை. மணலைக் கடித்தது போல ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். இத்தனை நாள் நம்மை ஏமாற்றியது இதுவா என்பது போலப் பார்த்தார்.

புதுப் பம்ப், புது பெல்ட். எல்லாம் மாட்டியபின் சீனு அண்ணன் ஸ்டார்ட் பண்ணவில்லை. ஸ்பேனரைப் போட்டுக் கையாலேயே எஞ்சினை மெதுவாகச் சுற்றினார். உள்ளே காற்று நசுங்கி, பிறகு விட்டு, பெருமூச்சு மாதிரி ஒரு ஓசை வந்தது. நல்ல தூக்கத்தில் இருப்பவர் புரண்டு படுத்த மாதிரி. புள்ளியும் கோடும் மறுபடி நேராக வந்து நின்றன.

"இப்பப் போடு" என்றார்.

கார் ஓடியது. சத்தமே இல்லை. தாவூத் பாய்க்கு யாரோ பாதி வழியில் இறங்கிப்போனது போல இருந்ததாம்.

மறுநாள் மத்தியானம் அக்கா கோரைப்பாயை விரித்துப் படுத்தாள். பம்ப் மாற்றியதை அவளிடம் சொல்லவில்லை. கார் கிளம்பியது. அர்வா வழக்கம்போல அழுதாள், பிறகு சத்தத்துக்காகக் காத்திருந்தாள், அது வரவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் நியாயமாக அழுதாள். அமீனா பீவி செல்போனை அவள் காதருகே வைத்து ரெக்கார்டிங்கை ஓடவிட்டார். குழந்தை செல்போனைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடித்தது. உள்ளிருந்து ஙொய்ய்ங் என்று வந்துகொண்டிருந்தது, எச்சிலோடு.

"ஏங்க, வூட்டுக்குத் திருப்புங்க. அந்தப் பம்ப்புக்கு இருந்த மரியாத நம்பளுக்கு இல்ல."

"திருப்புனா அவ எய்ந்துடுவா."

"இது தூங்காதுங்க."

"தூங்கலன்னா போவுது. திருப்ப மாட்டேன்."

பூஞ்சேரி வந்தது. சாலையோரச் சிற்பக் கூடத்தின் முன்னால் காரை ஓரம் கட்டினார், வேறென்ன செய்வது என்று தெரியாமல். கண்ணாடியை இறக்கியதும் உளிச் சத்தம் உள்ளே வந்தது. டிக் டிக் டிக். சத்தமில்லாத காரில் அது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தட்டுவது போலக் கேட்டது. அர்வா அழுகையை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு திரும்பினாள். பாதி செதுக்கிய கல் யானை. தும்பிக்கை வந்துவிட்டது, கால்கள் இன்னும் பாறைக்குள் மாட்டியிருந்தன. கல் தூளில் தலை முதல் கால் வரை வெள்ளையாக ஒரு ஆள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பல்லும் கண்ணும் மட்டும் மனுஷனாக இருந்தன. அர்வா அவரைப் பார்த்து "ஆ" என்றாள்.

பிறகு என்ன நடந்தது என்று அமீனா பீவி எங்கள் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டால், அவர்கள் ஏதோ வேறு ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். அதே ரோடுதான். தாவூத் பாய் ஆயிரம் தடவை போன ரோடு. மண் பாதையில் திரும்பி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடல் தெரிகிற இடத்தில் நிறுத்தினார்கள். படகுகள் மணலில் ஏறி மல்லாந்திருந்தன. ஒரு ஆடு, காய்ந்த வலையில் எதையோ தேடித் தின்றுகொண்டிருந்தது. வெயில் தண்ணீரின் மேல் விழுந்து, கரையா கடலா என்று தெரியாதபடி எல்லாம் ஒன்றாக மினுங்கியது. அமீனா பீவி புட்டியிலிருந்து ராகிக் கஞ்சியை ஊட்டினார். குழந்தை ஒவ்வொரு அலைக்கும் கையை நீட்டிக் கூப்பிட்டது. அலை வரும், வந்ததும் அவள் நம்பாமல் மாமாவைத் திரும்பிப் பார்ப்பாள். தாவூத் பாய் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, குழந்தையைத் தோளில் வைத்து, தண்ணீரில் நின்றார். கடற்கரை ஊரில் பிறந்து, கடலில் கால் வைத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

நிழல்கள் நீண்டபிறகுதான் பயம் வந்தது.

"இது ஒரு பொட்டுகூட தூங்கல. அலீனா கேட்டா இன்னா சொல்றது?" என்றார் அமீனா பீவி.

"தூங்குச்சுன்னு சொல்லு."

"நான் சொல்லுவேன். இந்த மூஞ்ச பாத்தா அவ நம்புவாளா?" அர்வாவின் மூஞ்சி முழுக்க மணலும் கஞ்சியும்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்கள். இருவருக்கும் இறங்க மனமில்லை. கடைசியில் அமீனா பீவிதான் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அலாரம் தலைமாட்டில் கத்திக்கொண்டிருந்தது. அலீனா அக்கா ஒரு கால் பாயிலும் ஒரு கால் தரையிலுமாக, கன்னத்தில் கோரையின் கோடுகள் பதிந்து, கேட்காமல் தூங்கிக்கொண்டிருந்தாள். தாவூத் பாய் குனிந்து அலாரத்தை அணைத்தார். சத்தம் நின்றதும் அவள் எழுந்துவிட்டாள்.

"மணி இன்னா அண்ணே? ஐயோ, பஸ்ஸு!"

"கீது டைம். மொள்ள கெளம்பு."

"கொயந்த தூங்குனாளா?"

தாவூத் பாய் 'தூங்குனா' என்று சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. தங்கச்சியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு.

"இல்லம்மா. பம்ப்ப மாத்திட்டேன். சத்தம் போச்சு. ஒரு நிமிசம் கூட தூங்கல. இதோ இப்பிடித்தான் ஆடிகினு கெடந்தா."

அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நான் எப்பிடித் தூங்கனேன்?"

ஃபேன் சுற்றியது. அமீனா பீவிதான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடி ஆத்தே! இது வூட்ல இல்லன்னா போதும்டி உனுக்கு. இது தூங்குனா இன்னா, குதிச்சா இன்னா? இத்த இம்மா நாளு தூங்க வெக்கறேன்னு நாங்க பட்ட பேஜாரு இருக்கே!"

அக்கா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அர்வா அவள் தோளில் தலையைச் சாய்த்து, யாரும் கேட்காமலே தூங்கிவிட்டாள். அமீனா பீவி மெல்ல வாங்கிக் கிடத்தினார். தாவூத் பாய் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினார்.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கிய தங்கச்சியைக் கூட்டிவர அவரே போய் நின்றார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, கேட்க பயம். அவள்தான் கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, பரீட்சை மார்க்கு சொல்கிற பிள்ளை மாதிரி நின்று சொன்னாள்:

"அண்ணே, வார்டுல அத்தினி பேரும் தூங்குனாங்க. நான் மட்டும் முழிச்சிகினே இருந்தேன்."