உரப் பாதியில் ஆட்டுக்கிடை

தொண்ணூறுகளின் கடைசியில், வேளாண்மை முதுகலை ஆய்வுக்காகச் செட்டிகுளத்தில் ஒரு சின்ன வெங்காயக் கொல்லை எனக்குக் கிடைத்தது. புதிதாக வந்திருந்த ஒரு பாக்கெட் உரம் விளைச்சலைக் கூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நிலத்தை இரண்டாகப் பிரித்துக் குச்சி அடித்தேன். ஒரு பாதிக்கு அந்த உரம், மறு பாதிக்குக் கிடையாது. மற்றபடி இரண்டுக்கும் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். கொல்லைக்காரரின் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் பெரம்பலூர் பஸ் ஏறினேன். அவரும் தலையாட்டினார்.

அறுவடையில் உரம் போட்ட பாதி பொங்கி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருடமே படிப்பு முடிந்தால்தான் கைக்கு வந்திருந்த வேலையில் சேர முடியும். இனி கவலையில்லை என்று நினைத்தேன்.

காப்பி கொடுக்கும்போது அக்கா சொன்னார்: "நீ குச்சி அடிச்சிட்டுப் போனதும் ஆட்டுக்காரங்க வந்தாங்க கண்ணு. நீ உரம் போடற பக்கம் மட்டும் கிடை போடச் சொன்னேன். எங்க வூட்டை நம்பி வந்த பொண்ணு, தோத்துடக் கூடாதுல்ல."

இரவில் ஆடுகளை அடைத்துவைத்த நிலத்துக்கு அந்தப் புழுக்கையே போதும். விளைந்தது பாக்கெட்டாலா, ஆட்டாலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

என் நெறியாளர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆடு படுத்ததையெல்லாம் யாரும்மா தீசிஸ்ல எழுதுவா? நம்பர் நல்லா வந்திருக்கு, டைப் அடிக்கக் குடுத்துடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எண்ணை நம்பி யாராவது கிடையை விட்டுவிட்டுப் பாக்கெட் வாங்கினால் யார் பொறுப்பு? கிடையைப் பற்றி எழுதாமல் தரமாட்டேன் என்றேன். "அப்ப அடுத்த வருஷம் திரும்பப் போடு" என்று எழுந்து போய்விட்டார். வேலை கைநழுவியது. அப்பா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுபடி செட்டிகுளத்தில் போய் நின்றதும் அக்காவின் முகம் சுண்டிப்போனது. "நல்லதுன்னுதான் கண்ணு செஞ்சேன்."

"தெரியும்க்கா. இந்தத் தடவை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாப் போதும்."

ஒரே மாதிரிதான் இருந்தது. உரத்தால் எந்த வித்தியாசமும் இல்லை. பின்னால் ஆய்வேட்டில் அதை எழுதினேன். முதல் வருட விளைச்சலையும், அது ஏன் செல்லாது என்பதையும் சேர்த்தே எழுதினேன். நெறியாளர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆனால் அந்த இரண்டாம் அறுவடை நாளில் என் கண்ணை உறுத்தியது வேறொன்று. இரண்டு பக்கமும் காய் பொடிப்பொடியாக இருந்தது. ஏன் என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஆட்டுக்காரங்களை வேணான்னு திருப்பி அனுப்பிட்டேன். ஒரு பக்கம் கூடக்குறைய ஆயிட்டா ஒன் படிப்பு மறுபடி நின்னுடுமே. இப்ப சரியா வந்திருக்கா கண்ணு?"

இரண்டு பக்கமும் சமமாகக் கிடை போட்டிருந்தாலும் சரியாகத்தான் வந்திருக்கும். அதை முன்பே சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"சரியா வந்திருக்குக்கா" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் நிம்மதியாகப் பொடி வெங்காயத்தைக் கூடையில் அள்ள ஆரம்பித்தார்.